மன்னிப்புக் கேட்ட பிறகும் மனம் குத்துகிறதா? புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். ஆரம்பத்தில் இருந்த சந்தோஷம் மெல்லக் கரைந்துவிட்டது. இப்போது முழங்காலில் நின்றாலே பழைய விஷயங்களெல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கின்றன. 'நீயெல்லாம் ஒரு விசுவாசியா?' என்று உள்ளே ஒரு குரல். மன்னிப்புக் கேட்டாயிற்று, அழுதாயிற்று, உபவாசமும் இருந்தாயிற்று. பாரம் மட்டும் இறங்கவில்லை.

இந்த நிலையில் இருப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் போதகர் அல்ல, வேதபண்டிதனும் அல்ல. இதே குழியில் பல வருஷம் கிடந்தவன். ஏறி வந்த வழியில் எனக்கு உதவியவற்றை, உதவிய வரிசையிலேயே சொல்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்க நினைக்க வேண்டாம். முதல் இரண்டு படிகளுக்கே ஒரு வாரம் ஆகலாம்.

முதல் படி: பேசுவது யார் என்று பாருங்கள்

'குற்ற உணர்வு' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் வருகின்றன. பவுல் இவற்றைப் பிரித்தே சொல்கிறார்: ஒன்று தேவனுக்கேற்ற துக்கம், மற்றது லௌகிக துக்கம் (2 கொரிந்தியர் 7:10). முதலாவது மனந்திரும்புதலில் கொண்டுபோய் விடும், இரண்டாவது மரணத்தில். இரண்டும் வலிக்கும். வலியை வைத்துப் பிரிக்க முடியாது. டாக்டரும் வலிக்கிற இடத்தில்தான் அழுத்திப் பார்க்கிறார், அடிக்க வந்தவனும் அந்த இடத்தில்தான் அடிக்கிறான்.

எதை வைத்துப் பிரிப்பது? பேச்சை வைத்துத்தான். ஆவியானவர் உணர்த்தும்போது விஷயத்தைப் பெயர் சொல்லிச் சொல்வார். 'நேற்று மதியம் அவர் கேட்டபோது, வேலையை முடித்துவிட்டேன் என்று பொய் சொன்னாய். அதைச் சரி செய்.' இவ்வளவுதான். நாள் தெரியும், ஆள் தெரியும், செய்ய வேண்டியதும் தெரியும். குற்றஞ்சாட்டுகிறவனுடைய பேச்சு அப்படி இருக்காது. 'நீ எப்பவுமே இப்படித்தான். உன்னை ஆண்டவர் எப்படிச் சகித்துக்கொள்கிறாரோ.' இதில் நாளும் இல்லை, ஆளும் இல்லை, செய்வதற்கும் ஒன்றும் இல்லை. 'எப்பவும்', 'எல்லாம்', 'ஒருபோதும்' என்ற வார்த்தைகள் வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சகரியா 3ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான். அவனுடைய வலதுபக்கத்தில் அவனுக்கு விரோதம்செய்ய சாத்தான் நிற்கிறான். நான் அடிக்கடி யோசிப்பது இதைத்தான்: அந்த அழுக்கு நிஜம். சாத்தான் அங்கே இல்லாததைச் சொல்லியிருக்கத் தேவையே இல்லை, கண்ணால் கண்டதைச் சொன்னாலே போதும். ஆனாலும் கடிந்துகொள்ளப்பட்டவன் யோசுவா அல்ல, சாத்தான். அதன்பிறகு அழுக்கு வஸ்திரம் கழற்றப்படுகிறது, வேறு வஸ்திரம் வருகிறது. யோசுவா அந்த அதிகாரம் முழுவதும் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

எனவே முதல் வேலை, ஒரு காகிதமும் பேனாவும் எடுங்கள். மனதிலேயே வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள், தலைக்குள் இருக்கும்வரை அது ஊதிக்கொண்டே போகும். காகிதத்தில் மூன்று கேள்விகள்: நான் செய்தது என்ன? யாருக்கு விரோதமாக? இப்போது செய்ய வேண்டியது என்ன? மூன்றுக்கும் ஒரு வரியில் பதில் வந்தால் இரண்டாம் படிக்குப் போங்கள். அரைமணி நேரம் உட்கார்ந்தும் 'நான் மோசமானவன்' என்பதைத் தவிர ஒன்றும் எழுத வரவில்லையா? அப்படியானால் உங்களோடு பேசிக்கொண்டிருந்தது உங்களைத் திருத்த வந்த குரல் அல்ல.

இரண்டாம் படி: உங்களுடையது எது, உங்களுடையது அல்லாதது எது

எழுதியதைப் பிரியுங்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களின் பட்டியலில் பாதிக்கு மேல் பாவமே அல்லாதவை இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

காலை ஜெபம் தவறியது, வேதம் வாசிக்கும் அட்டவணையில் நாலு நாள் பின்தங்கியது, உபவாசத்தைப் பாதியில் முடித்தது. இவை நல்ல பழக்கங்கள், தவறினால் வருத்தப்படலாம். ஆனால் இதற்காக ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நினைப்பது வேறு. 'தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே' என்று மனிதர் அடுக்கும் சட்டங்களைப் பற்றிப் பவுல் கொலோசெயருக்கு எழுதியதை (2:20-23) ஒருமுறை நிதானமாக வாசியுங்கள்.

அடுத்தது, மனதில் தோன்றிய எண்ணங்கள். அசிங்கமான எண்ணமோ, ஜெபத்தின் நடுவே ஒரு தூஷண வார்த்தையோ தானாக வந்து போகும். வந்ததற்காகவே தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொள்கிறவர்கள் அநேகர். இயேசுவே சோதிக்கப்பட்டார், ஆனாலும் பாவமில்லாதவராயிருந்தார் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. சோதனை வருவதும் பாவமும் ஒன்றல்ல. வாசலில் நின்று கூப்பிடுகிறவன் எல்லாம் வீட்டுக்காரன் ஆகிவிட மாட்டான். அவனை உள்ளே அழைத்து நாற்காலி போட்டுக் கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது வகையைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபமே வரும். சிறு வயதில் தனக்கு யாரோ இழைத்த அக்கிரமத்தைத் தன் பாவம் என்று சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடிபட்டவர் அடித்தவனுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். அது குற்றமல்ல, காயம். அறிக்கையிட அதில் எதுவும் இல்லை, அதற்கு வேண்டியது ஆறுதலும் பாதுகாப்பும். காகிதத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் அதைப் பாவப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடமும், முடிந்தால் பயிற்சிபெற்ற ஆலோசகரிடமும் அதைப் பற்றிப் பேசுங்கள்.

மிச்சம் இருப்பதுதான் உங்களுடையது. பெரும்பாலும் அது நினைத்ததைவிடச் சிறிய பட்டியலாக இருக்கும். சில சமயம் ஒரே ஒரு வரி, ஆனால் கனமான வரி.

மூன்றாம் படி: பெயர் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு தரம்

'நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்' என்று 1 யோவான் 1:9 தொடங்குகிறது. அறிக்கையிடுதல் என்பதற்கு அங்கே வரும் கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் 'அதையே சொல்லுதல்' என்று வரும். நம் 'ஒத்துக்கொள்வது' அதற்கு அப்படியே பொருந்துகிறது. தேவன் இதை என்னவென்று சொல்கிறாரோ அதையே நானும் சொல்கிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

குறைத்துச் சொல்வது எல்லாருக்கும் தெரிந்த தவறு. 'கொஞ்சம் கோபப்பட்டுவிட்டேன் ஆண்டவரே' என்போம், நடந்ததோ அவமானப்படுத்தியது. ஆனால் கூட்டிச் சொல்வதும் தவறுதான் என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. 'நான் புழு, நான் குப்பை, பூமியில் இருக்கவே லாயக்கில்லாதவன்' என்று அரைமணி நேரம் ஜெபித்தால் அது தாழ்மை என்று நினைத்திருந்தேன். அந்த அரைமணி நேரத்தில் செய்த பாவத்தின் பெயரை ஒரு தரம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

தாவீதைப் பாருங்கள். பத்சேபாளின் விஷயத்தில் தீர்க்கதரிசியாகிய நாத்தான் வந்து கேட்டபோது அவன் சொன்னது ஒரே வாக்கியம்: 'நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்.' அதே வசனத்திலேயே (2 சாமுவேல் 12:13) நாத்தானின் பதில் வந்துவிடுகிறது: கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார். நடுவில் காத்திருப்புக் காலம் இல்லை. நாலு நாள் அழுதுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை.

ஆனால் விளைவுகள் தொடர்ந்தன. குழந்தை இறந்தது, குடும்பத்தில் அடுக்கடுக்காகத் துயரம் வந்தது. புதியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்: 'மன்னிப்புக் கிடைத்திருந்தால் இந்தக் கஷ்டம் ஏன்?' பாவத்தின் விளைவு வேறு, ஆக்கினைத்தீர்ப்பு வேறு. கடன்பட்டு ஏமாற்றினவனுக்கு மன்னிப்புக் கிடைக்கும், அடுத்த நாள் காலையில் கடனும் அங்கேயே இருக்கும். குழந்தை இறந்ததும் தாவீது எழுந்து, குளித்து, உடை மாற்றி, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துவிட்டு வந்து சாப்பிட்டான். ஊழியக்காரருக்கே அது புரியவில்லை. குற்றத்தோடு வாழ்வதற்கும் விளைவுகளோடு வாழ்வதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சாப்பாட்டில் இருக்கிறது.

செய்முறை எளிதுதான். எழுதிய வரியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள். '...என்று பொய் சொன்னேன், அது பாவம், இயேசுவினிமித்தம் என்னை மன்னியும்.' பிறகு 1 யோவான் 1:9-ஐ வாசியுங்கள். காகிதத்தில் தேதி போட்டுக் கிழித்துவிடுங்கள். இனி அந்த நினைவு வந்தால், அது வரத்தான் செய்யும், மறுபடி மன்னிப்புக் கேட்காதீர்கள். 'அதை மன்னித்ததற்கு நன்றி' என்று மட்டும் சொல்லுங்கள். இந்தச் சிறிய மாற்றத்துக்குப் பழகவே எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. நாக்கு தானாக 'மன்னியும்' என்றுதான் போகும்.

எபிரெயருக்கு எழுதின நிருபம் ஒரு காட்சியைக் காட்டுகிறது (10:11-12). ஆசாரியன் நாடோறும் நின்றுகொண்டே ஒரேவிதமான பலிகளைச் செலுத்துகிறான். ஆசரிப்புக் கூடாரத்தின் தட்டுமுட்டுப் பட்டியலில் மேஜை உண்டு, குத்துவிளக்கு உண்டு, பீடம் உண்டு, ஆசாரியன் உட்கார ஓர் இருக்கை இல்லை. அவன் வேலை முடிவதே இல்லை. கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்துவிட்ட பிறகும் நாம் தினமும் நின்றுகொண்டு அதே பலியைச் செலுத்திக்கொண்டிருக்கிறோம்.

நான்காம் படி: மனிதருக்குச் செய்ததை மனிதரிடம் தீர்த்துக்கொள்ளுங்கள்

இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. பல வருஷங்களுக்கு முன்பு ஜெபக்குறிப்புக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஒருநாள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது: 'அம்மாவிடம் அப்படிப் பேசினதை மன்னியும்.' அடுத்த பக்கத்திலும் அதே வரி. அதற்கடுத்த பக்கத்திலும். எண்ணிப் பார்த்தேன், நாற்பதைத் தாண்டியது. சில இடங்களில் பேனா மை மட்டும்தான் வேறு. நாற்பது இரவு ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். அம்மா பக்கத்து அறையில்தான் படுத்திருந்தார்கள்.

அன்றைக்கே போய்க் கேட்டேன். உள்ளூர ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, 'அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லப்பா' என்று சொல்லிவிடுவார்கள் என்று. அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. நான் சொன்ன வார்த்தையைக்கூட மாற்றாமல் திருப்பிச் சொன்னார்கள். 'ஆமா, அன்னைக்கு ரொம்ப வலிச்சுது' என்றார்கள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம், 'சரி, விடு. விளக்க அணைச்சிட்டுப் போய்ப் படு.' அவ்வளவுதான். அந்த வரி அதற்குப் பிறகு நோட்டில் வரவில்லை.

அந்த நாற்பது ஜெபங்களும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனம் குத்திக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இருந்தது. அது சாத்தானின் வேலை அல்ல. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பாகவே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதைத்தான் (மத்தேயு 5:23-24) என் மனச்சாட்சி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாக் குத்தலையும் 'பிசாசின் குற்றச்சாட்டு' என்று துரத்திவிடச் சொல்லும் போதனை எனக்கு ஒத்துவராததற்கு இதுதான் காரணம்.

பணமோ பொருளோ சம்பந்தப்பட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். நியாயப்பிரமாணத்தில் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் (லேவியராகமம் 6:5). சகேயு நாலத்தனையாகக் கொடுக்கிறேன் என்றான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் கொடுக்கிறான், கொடுத்ததால் அவர் வரவில்லை.

மன்னிப்புக் கேட்கும்போது 'ஆனால்' என்ற சொல்லைத் தொடாதீர்கள். 'நான் பேசியது தப்பு, ஆனால் நீங்களும்...' என்று ஆரம்பித்தால் அது மன்னிப்பல்ல, மேல்முறையீடு. உடனே மன்னித்தே ஆக வேண்டும் என்று எதிரில் இருப்பவரை நெருக்கவும் கூடாது. போய்ச் சொல்வதால் அவருக்குப் புதிய காயமோ ஆபத்தோ வரும் என்றால், நம் மனம் லேசாவதற்காக அடுத்தவர் தலையில் சுமையை இறக்காதீர்கள், முதலில் முதிர்ந்த ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள். சம்பந்தப்பட்டவர் இறந்துபோயிருந்தால், அவரிடம் சொல்ல நினைத்ததை ஒரு கடிதமாக எழுதி ஆண்டவருக்கு முன்பாக வாசித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: நீதிபதியின் நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்

'ஆண்டவர் மன்னித்துவிட்டார், என்னைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.' இதைச் சொல்லாதவர் இல்லை. கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் அதற்குள் இருப்பதை யோசித்துப் பாருங்கள்: மேல்கோர்ட்டு விடுதலை செய்துவிட்டது, நான் கீழ்க்கோர்ட்டில் உட்கார்ந்து அதே வழக்கை இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறேன். உங்களை நீங்களே மன்னியுங்கள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பவுல் சொல்வது அதைவிட விடுதலையான ஒன்று: 'நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்சொல்லுகிறதில்லை' (1 கொரிந்தியர் 4:3). தன்னைக் குறை சொல்லவும் இல்லை, நிரபராதி என்று அறிவித்துக்கொள்ளவும் இல்லை. அந்த நாற்காலியே தன்னுடையது அல்ல என்கிறார்.

அந்தக் கோர்ட்டில் யார் யார் இருக்கிறார்கள்? இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன் ஒருவன் (வெளிப்படுத்தல் 12:10). பரிந்து பேசுகிறவர் ஒருவர் (1 யோவான் 2:1). யோவான் சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவியானவருக்குத் 'தேற்றரவாளன்' என்று நம் மொழிபெயர்ப்பில் வருகிறதே, இந்த இரண்டு இடத்திலும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான். ஆக, பரலோகத்தில் ஒரு வழக்கறிஞர், உள்ளத்தில் ஒரு வழக்கறிஞர்.

ரோமர் 8:1-ஐப் பற்றி ஒரு விஷயம். பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த வசனம் 'மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை' என்று இருக்கும். மனம் நொந்தவர் கண் நேரே அந்த நிபந்தனையில்தான் போய் விழும்: 'நான் ஆவியின்படி நடக்கவில்லையே, அப்போது எனக்கு ஆக்கினை உண்டு.' மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்தத் தொடர் முதல் வசனத்தில் இல்லை, நான்காம் வசனத்தில் மட்டும்தான் வருகிறது. பின்னால் வந்த மொழிபெயர்ப்புகள் பலவற்றில் முதல் வசனம் கிறிஸ்து இயேசுவுக்குள் இருப்பவர்களுக்குத் தண்டனைத் தீர்ப்பு இல்லை என்பதோடு நின்றுவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் அதிகாரத்தின் கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்தேன்.

ஆறாம் படி: தனியாக இருக்காதீர்கள்

பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள். இருவரும் மனம் கசந்தார்கள். யூதாஸ் தன் பாவத்தை வாயால் ஒத்துக்கொண்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவந்தான். ஆனால் கொண்டுபோனது பிரதான ஆசாரியரிடம். அவர்கள் சொன்ன பதில்: 'எங்களுக்கென்ன, அது உன்பாடு.' ஒரு மனிதன் நொறுங்கி நிற்கும்போது கேட்கக்கூடாத வார்த்தை அது. பேதுருவோ மற்ற சீஷர்களோடு இருந்தான். மீன்பிடிக்கப் போனாலும் அவர்களோடுதான் போனான். கரையில் இயேசு கரிநெருப்புப் போட்டு வைத்திருந்தார். அவன் மறுதலித்த இரவில் குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான். புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் வருவது இந்த இரண்டு இடத்தில் மட்டும். மூன்று தரம் மறுதலித்தவனிடம் அந்த நெருப்பண்டையில் மூன்று தரம் கேட்டார். 'ஏன் அப்படிச் செய்தாய்' என்று ஒரு தரமும் கேட்கவில்லை.

எனவே ஓர் ஆளைத் தேடுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் இதற்கென்றே இருக்கிறது. மற்ற சபைகளிலும் யாக்கோபு 5:16-இன்படி ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபிக்கலாம். தன் தோல்விகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தெரிந்தவரும், கேட்டதை வெளியே கொண்டுபோகாதவருமாக ஒருவர் போதும். பெரிய பொறுப்பில் இருப்பவராக இருக்க வேண்டும் என்றில்லை. நீங்கள் சொன்ன குற்றத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உங்களை ஆட்டிவைக்கிறவர், அல்லது மன்னிப்புக்குக் காணிக்கை கேட்கிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. 'எனக்குத் தகுதி இல்லை' என்று கர்த்தருடைய பந்திக்கு வராமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. 'அபாத்திரமாய்', அதாவது தகுதியில்லாத விதமாய், என்ற சொல் பயமுறுத்துகிறது. 1 கொரிந்தியர் 11-ஐ முழுதாக வாசித்தால் பவுல் கண்டித்தது எதை என்று தெரியும்: ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறிகொள்ளும் அந்த நடத்தையை. 28ஆம் வசனம் தன்னைச் சோதித்தறிந்து விலகி நில் என்று சொல்லவில்லை. சோதித்தறிந்து புசி என்கிறது. உங்கள் சபையின் ஒழுங்குக்கு உட்பட்டு, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்துவிட்டு, வாருங்கள்.

இவ்வளவு செய்தும் விடவில்லை என்றால்

சிலருக்கு இந்தப் படிகளே புதிய சுமையாகிவிடும். காகிதத்தில் எழுதியது சரியா, ஒரு வார்த்தை விட்டுப்போயிற்றா, மனதாரச் சொன்னேனா என்று மறுபடி மறுபடி தோன்றும். இது புதிதல்ல. மார்ட்டின் லூத்தர் மடத்தில் இருந்த காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவானவரிடம் பாவ அறிக்கை செய்வதில், மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாராம், வெளியே வந்ததும் இன்னொன்று நினைவுக்கு வந்து திரும்ப ஓடுவாராம். பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இக்னேசியார் 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது இதே வேதனைப்பட்டார். 'மிகத் தெளிவாகத் தெரிகிற பழைய பாவங்களைத் தவிர வேறெதையும் மறுபடி அறிக்கையிடாதே' என்று குருவானவர் கட்டளையிட்டார். பயனில்லை, இக்னேசியாருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தன. பழையதை இனி அறிக்கையிடுவதே இல்லை என்று முடிவெடுத்த பிறகுதான் விடுதலை கிடைத்தது. இந்த நிலைக்கான ஆங்கிலச் சொல் (scrupulosity), கூரிய சிறு கல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செருப்புக்குள் சிக்கிய கல்லைப் போலத்தான் அது, அளவு சிறியது, ஆனால் ஒரு அடிகூட நிம்மதியாக வைக்க விடாது.

இன்று மருத்துவர்கள் இதில் ஒரு பகுதியை ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையாகப் பார்க்கிறார்கள். ஒரே சந்தேகம் விடாமல் வருவதும், அதைத் தணிக்க ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் நாளின் பல மணி நேரத்தை விழுங்கினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு மருந்து உண்டு. எண்ணம் வரும்போது வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருந்து பழகும் பயிற்சியும் உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பது அவிசுவாசம் இல்லை என்றால் இதுவும் இல்லை. வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால் இந்தக் கட்டுரையை மேலே வாசிக்க வேண்டாம். இப்போதே ஒருவரை அழைத்து அதே வார்த்தையில் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், மருத்துவ உதவிக்குப் போங்கள்.

'மன்னிக்கப்படாத பாவத்தை நான் செய்துவிட்டேனோ' என்ற பயமும் பலருக்கு உண்டு. மாற்கு 3:30 அந்த எச்சரிப்பின் காரணத்தையே சொல்கிறது: வேதபாரகர் இயேசுவின் செயலைக் கண்ணால் கண்டும், அவர் அசுத்த ஆவிகொண்டிருக்கிறார் என்று வேண்டுமென்றே சொன்னார்கள். அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. நீங்கள் தூக்கமில்லாமல் கவலைப்படுகிறீர்கள். என் கணக்கில் அதுவே போதுமான பதில்.

மறுபடி விழுந்தால்

விழுவீர்கள். அதே பாவத்தில், அதே இடத்தில்கூட. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் 24:16 சொல்கிறது. நான் பழகிக்கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. எத்தனை தரம் விழுந்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன், விழுந்ததற்கும் திரும்பியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று மட்டும் பார்க்கிறேன். முன்பெல்லாம் எனக்கு இரண்டு வாரம் ஆகும். சபைக்குப் போக மாட்டேன், போனை எடுக்க மாட்டேன், 'கொஞ்சம் ஒழுங்கானதும் ஜெபிக்கலாம்' என்று தள்ளிப்போடுவேன். இயேசு சொன்ன கதையில் (லூக்கா 15) இளைய குமாரன் பன்றிகளோடு இருந்து வந்த கோலத்தில்தான் வீட்டுக்கு வந்தான். 'உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்' என்று ஒத்திகை பார்த்து வந்த வரியைத் தகப்பனிடம் அவன் சொல்லி முடிக்கவே இல்லை. அதற்குள் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லியாயிற்று.

போன வாரம் ஒருவரிடம் தேவையில்லாமல் எரிந்து விழுந்துவிட்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போதே அந்தப் பழைய பேச்சு ஆரம்பித்தது: 'இத்தனை வருஷமாகியும் நீ இப்படித்தான்.' கீழ்ப்படியில் ஒரு நிமிஷம் நின்றேன். என்ன செய்தேன், யாருக்கு, இப்போது செய்ய வேண்டியது என்ன. திரும்ப மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன்.